ஆசும் பற்றாசும்: வேற்றுலோகப் பிணைப்பின் வரலாறு

தோற்றுவாய்

இருவேறு பொருள்களை ஒன்றாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, அவற்றிற்கு இடையில் எதனை வைப்பது என்பதாகும். தமிழ் யாப்பு நூலார் இவ்வினாவை வெண்பாவின் நடுவில் எதிர்கொண்டனர். இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல் ஒன்றால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற் குறளின் இறுதி தனிச்சொல்லோடு இயல்பாகப் பொருந்தினால் அது இருகுறள் நேரிசை வெண்பா. பொருந்தாதபோது ஓரசையோ ஈரசையோ இடையில் சேர்த்துப் பொருத்தினால் அது ஆசிடை நேரிசை வெண்பா. அவ்வாறு சேர்க்கப்பெறும் அசைக்கு இலக்கணிகள் இட்ட பெயர் ‘ஆசு’. பொற்கொல்லர் இரு உலோகத் துண்டுகளை ஒட்டுதற்கு இடையில் வைக்கும் பற்றாசே இப்பெயருக்கு அடிப்படை என்பது உரைகாரர் விளக்கத்தால் தெளிவாகும். ஆசுகவி என்னும் தொடரில் வரும் ஆசு விரைவைக் குறிக்கும் வேறு சொல். அஃது ஈண்டுக் கருதப்படவில்லை.

ஆனால் ஆசு என்பதற்குக் குற்றம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. பிணைப்பதும் ஆசு, பிழையும் ஆசு. உலோகத் தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் நிற்பது வியப்பளிக்காது. வேறுபட்ட இரு உலோகங்களை இணைப்பதில் மனிதர் கண்ட வெற்றிகள் பலவும் இடையில் வைத்த பொருளால் வந்தவை. கண்ட தோல்விகள் பலவும் அவ்வாறே வந்தவை.

பொற்கொல்லரின் வழி

பழைய வழி பற்றாசு வழி. இணைக்கவேண்டிய உலோகங்களைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை ஒன்றைப் பொடியாக்கி, வெண்காரத்தோடு சேர்த்து, இணைப்பு வாயில் வைத்து ஊதுகுழலால் வெப்பமூட்டுவர். வெண்காரம் உருகி உலோக முகத்திலுள்ள ஆக்சைடு மாசினைக் கரைத்து நீக்கும். பற்றாசு உருகி இடைவெளியில் ஓடிப் பற்றிக்கொள்ளும். இணையும் உலோகங்கள் உருகுவதில்லை. பற்றாசு மட்டுமே உருகுகிறது. பொன்னையும் வெள்ளியையும், செம்பையும் பித்தளையையும் ஒட்டுவதற்கு இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை முன்னோர் அறிந்திருந்தனர். சாந்தோக்கிய உபநிடதத்தின் 4ஆம் அத்தியாயத்தில், வேள்வியில் நேர்ந்த குறையைச் சீர்செய்வதற்கு உவமையாக, பொன்னில் தொடங்கி இரும்பு வரை உலோகங்களை ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பொருத்தும் வரிசை ஒன்று கூறப்படுகிறது. தொலைவிலுள்ள இரண்டை நேரே இணைக்காமல் படிப்படியாக இணைத்தல் என்னும் கருத்தின் பழஞ்சுவடு அதில் காணக்கிடைக்கிறது. இக்கருத்து, 20ஆம் நூற்றாண்டின் அணு உலைக் குழாய்கள் வரை தொடர்ந்து வருவதைப் பின்னர்க் காணலாம்.

கடல் கற்பித்த பாடம்

வேற்றுலோகங்களை அருகருகே வைப்பதிலேயே இடர் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது கடல். மரக்கலங்களின் அடிப்பகுதியைக் கடற்புழுக்கள் துளைத்து அழித்துவந்த காலத்தில், பிரித்தானியக் கடற்படை 1761ஆம் ஆண்டு ‘அலாரம்’ என்னும் 32 பீரங்கிக் கப்பலின் அடிமரத்திற்குச் செப்புத் தகடு போர்த்தியது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்டது. 1763இல் அதனை ஆய்ந்தபோது, புழுவரிப்பு இல்லை. பாசியும் சிப்பியும் பெரிதும் ஒட்டவில்லை. ஆனால் செம்பினைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துக் கரைந்திருந்தன.

ஆய்வாளர் கண்ட மற்றொரு செய்தி நுட்பமானது. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் சில இடங்களில் அகற்றப்படாமல் தகட்டுக்கும் ஆணிக்கும் இடையில் கிடந்தது. அவ்விடங்களில் ஆணிகள் நன்றாகவே இருந்தன. இரு உலோகங்களும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டதே கேட்டிற்குக் காரணம் என்பதைக் கவனக்குறைவால் விடுபட்ட ஒரு தாள் காட்டிக்கொடுத்தது.

அதன் காரணம் விளங்குவதற்கு மேலும் காலம் பிடித்தது. தவளையின் கால் இரு உலோகங்களின் தொடர்பால் துடிப்பதைக் கால்வானி 1791இல் வெளியிட்டார். வோல்ட்டா 1800இல் தமது மின்கல அடுக்கினை அறிவித்தார். உப்புநீரில் வேறுபட்ட இரு உலோகங்கள் தொட்டு நின்றால் அவை ஒரு மின்கலம் ஆகும். அவற்றுள் எளிதில் வினைபுரியும் உலோகம் கரைந்து மற்றதைக் காக்கும். செம்பின் அருகே நின்ற இரும்பு இவ்வாறே கரைந்தது. கடற்படையோ இக்கொள்கை பிறப்பதற்கு முன்பே, 1780களில், இரும்பாணிகளை விடுத்துச் செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறிவிட்டது.

அம்ஃப்ரி டேவி 1824இல் இவ்வழிவையே காப்பாக மாற்ற முனைந்தார். கப்பலின் செப்புத் தகட்டோடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பொருத்தினால் அத்துண்டு கரையும், செம்பு கரையாது என்பது அவர் துணிவு. அவ்வாறே செம்பு கரையவில்லை. ஆனால் சிப்பிகளும் களைகளும் அடர்ந்து வளர்ந்து கப்பலின் விரைவைக் குறைத்தன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாகிக் கடலுயிர்களை விலக்கிவந்தது என்பதும், கரைவதை நிறுத்தியதால் அப்பயன் போயிற்று என்பதும் அதன்பின் தெளிந்தன. சில ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. எனினும் அக்கொள்கை வீண்போகவில்லை. இன்றைய எஃகுக் கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகள் தம்மை இழந்து எஃகினைக் காக்கின்றன.

விலக்கி வைத்த விடுதலைச் சிலை

1886 அக்டோபரில் நியூயார்க் துறைமுகத்தில் திறந்துவைக்கப்பெற்ற விடுதலைச் சிலை, ஏறத்தாழ 2.4 மி.மீ. தடிப்புள்ள செப்புத் தோலும் இரும்புச் சட்டகமும் கொண்டது. சட்டகத்தை வகுத்தவர் குஸ்தாவ் ஈஃபிள். செம்பும் இரும்பும் தொட்டால் நேரும் கேட்டினை அமைத்தோர் அறிந்திருந்தனர். ஆதலின் இரண்டிற்கும் இடையில் அரக்கில் தோய்த்த கல்நார் வைத்தனர். அலாரம் கப்பலின் தாள் தற்செயலாகச் செய்ததை இவர்கள் அறிந்தே செய்தனர்.

ஆனால் கல்நார்ப் படலம் காலத்தால் தேய்ந்தது. கடற்காற்றின் உப்பீரம் உள்ளே புகுந்தது. இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்தன; பருத்த துரு செப்புத் தோலைத் தள்ளியது; தறையாணிகள் பிடுங்கிக்கொண்டு வெளிவந்தன. 1984 முதல் 1986 வரை நடைபெற்ற சீரமைப்பில், தோலைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் எடுக்கப்பெற்றுத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் பொருத்தப்பெற்றன. இடையே டெஃப்லான் படலம் வைக்கப்பெற்றது. விலக்கி வைத்தல் ஒரு வழியே. ஆயினும் விலக்கும் பொருளின் ஆயுளே அவ்விணைப்பின் ஆயுள் என்பதைச் சிலை உணர்த்தியது.

உருக்கி ஒன்றாக்கிய காலம்

சிலை திறக்கப்பெற்ற அதே 1886இல், மின்னோட்டத்தின் தடை வெப்பத்தால் உலோகங்களைப் பற்றவைக்கும் முறைக்கு எலிஹு தாம்சன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்குச் சற்று முன்பின்னாக, கரிமுனை மின்வில்லால் பற்றவைக்கும் முறைக்கு பெனார்தோசும் ஒல்செவ்ஸ்கியும் உரிமை பெற்றனர். உருசியாவின் பெர்ம் பீரங்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய நிக்கொலாய் சிலாவியானோவ் 1888இல் கரிமுனைக்கு மாற்றாக உருகும் உலோகக் கோலையே மின்முனையாகக் கொண்டார்.

அவர் 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய பொருள் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 21 செ.மீ. உயரமுள்ள ஒரு குவளை; அதில் மணி வெண்கலம், தாம்பாக்கு, நிக்கல், எஃகு, வார்ப்பிரும்பு, செம்பு, வெண்வெள்ளி எனப்படும் நிக்கல் பித்தளை, வெண்கலம் ஆகிய 8 உலோகங்கள் அடுக்கடுக்காக மின்வில்லால் உருக்கி இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றோடொன்று ஒட்டா எனக் கருதப்பட்டவை ஒரே குவளையாக நின்றன. அக்குவளைக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது.

எனினும் கண்காட்சிக் குவளை சுமை தாங்குவதில்லை. கொதிகலனும் கப்பலும் பாலமும் தாங்கவேண்டும். அங்கே உருக்கி இணைத்தலின் இடர்கள் வெளிப்பட்டன. அவை மூன்றாக அடங்கும்.

முதலாவது, உருகுநிலை வேறுபாடு. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். இரும்பு 1538 பாகையில் உருகும். இரும்பு உருகத் தொடங்குமுன்பே அலுமினியம் ஓடிவிடும்.

இரண்டாவது, விரிவு வேறுபாடு. 1 மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கோல் 100 பாகை வெப்ப உயர்வில் ஏறத்தாழ 2.3 மி.மீ. நீளும், சாதாரண எஃகுக் கோல் 1.2 மி.மீ. அளவே நீளும். இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால், சூடேறும்போதும் குளிரும்போதும் ஒன்று மற்றொன்றை இழுக்கும். அவ்விழுப்பு முழுவதும் இணைப்பின் மீதே விழும்.

மூன்றாவது, சேர்மம். இதுவே கொடியது. இரும்பும் அலுமினியமும் உருகிக் கலக்கும்போது அவை ஒன்றில் ஒன்று இயல்பாகக் கரைவதில்லை. இரண்டும் கூடி உலோகச் சேர்மங்கள் ஆகின்றன. அவை கடினமானவை, ஆனால் கண்ணாடி போல் நொறுங்குபவை. இப்படலம் சில மைக்ரான் அளவில் மெல்லியதாக இருக்கும்வரை இணைப்பு வலுவுடையது. ஏறத்தாழ 10 மைக்ரானைக் கடந்தால் சிறு அடியிலும் பிளக்கும். சேர்மம் சிறிதும் தோன்றாவிடில் பற்று இல்லை. மிகுந்து தோன்றினால் வலு இல்லை. ஆசு என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே ஒரே படலத்தில் உறைகின்றன.

உருக்காமல் இணைத்த வழிகள்

உருக்குவதே கேடு எனில் உருக்காமல் இணைக்கலாகாதா என்னும் எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. குண்டுச் சிதறல்கள் சில வேளைகளில் கவசத்தகட்டில் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்வதைப் போர்க்களங்களில் பலர் கண்டிருந்தனர். இதனை முறைப்படுத்தி வெடிமருந்தால் உலோகத் தகடுகளைப் பிணைக்கும் வழிக்கு அமெரிக்காவின் தூப்பாண்ட் நிறுவனம் 1964இல் காப்புரிமை பெற்றது.

ஒரு தகட்டின் மீது சிறு இடைவெளி விட்டு மற்றொரு தகட்டை நிறுத்தி, அதன்மேல் வெடிமருந்தினைப் பரப்பி ஓர் ஓரத்தில் கொளுத்துவர். மேல்தகடு சாய்ந்த கோணத்தில் கீழ்த்தகட்டை மோதிக்கொண்டே செல்லும். மோதும் முனையில் இரு முகங்களிலிருந்தும் மெல்லிய உலோகத்தாரை பீறிட்டு முன்னே பாய்ந்து ஆக்சைடு மாசினைத் துடைத்துச் செல்லும். பின்னே வரும் தூய முகங்கள் பேரழுத்தத்தில் பற்றிக்கொள்ளும். குறுக்காக வெட்டிப் பார்த்தால் இணைப்புக்கோடு கடலலை போல் வளைந்து வளைந்து செல்வது காணலாம். முழுவதும் நொடிக்குள் முடிந்துவிடுவதால் சேர்மம் தடித்து வளர நேரமில்லை.

எஃகுக் கப்பலின் மீது எடை குறைந்த அலுமினிய மேற்கட்டுமானம் வைக்கும் வழக்கத்திற்கு இம்முறை பேருதவி ஆயிற்று. முன்னர் தறையாணியால் இணைத்து இடையே காப்புப் பொருள் வைத்தனர். கடல்நீர் புகுந்து அரிப்பு நேர்ந்தது. வெடிப்பிணைப்புப் பட்டை வந்தபின், பட்டையின் எஃகு முகம் கப்பலின் எஃகோடும், அலுமினிய முகம் மேற்கட்டுமான அலுமினியத்தோடும் வழக்கம்போல் பற்றவைக்கப்படுகின்றன. அப்பட்டைக்குள்ளும் எஃகுக்கும் வலிய அலுமினியக் கலவைக்கும் இடையில் மென்மையான தூய அலுமினியத் தகடு ஒன்று வைக்கப்படுவது கவனிக்கத்தக்கது. வெடியின் வன்மைக்கு நடுவிலும் ஆசு தேவைப்பட்டது.

உராய்வு மற்றொரு வழி. சோவியத் நாட்டின் சூதிக்கோவ் 1956இல், ஒரு கோலைச் சுழற்றி மற்றொன்றின் மீது அழுத்தி, உராயும் வெப்பத்தில் இளகிய முனைகளை ஒன்றாக்கினார். உந்துவண்டி எஞ்சினின் வால்வுகளில் வெப்பந்தாங்கும் தலைப்பகுதியும் தேய்மானந்தாங்கும் தண்டுப்பகுதியும் இருவேறு எஃகுகளாக இருந்தும் ஒன்றாக நிற்பது இம்முறையால். 1991இல் பிரித்தானியப் பற்றவைப்புக் கழகத்தில் வெய்ன் தாமசும் உடன்பணியாற்றியோரும் உராய்வுக் கிளறல் முறையைக் கண்டனர். சுழலும் முளை ஒன்று இணைப்புக்கோட்டின் வழியே நகர்ந்து இருபுற உலோகத்தையும் மாவு பிசைவதுபோல் பிசைந்து கலக்கும், உலோகம் உருகுவதில்லை. எஃகையும் அலுமினியத்தையும் இணைக்குமிடத்து முளையின் பெரும்பகுதி அலுமினியத்தில் நிற்க, நுனி எஃகின் முகத்தைத் தொட்டும் தொடாமலும் செல்லுமாறு அமைப்பர். 2013ஆம் ஆண்டு வகை ஹோண்டா அக்கார்டு வண்டியின் முன்புறத் தாங்குசட்டகத்தில் இம்முறை பெருந்தொகை உற்பத்திக்கு வந்தது.

கொதிகலனும் கல்பாக்கமும்

எல்லா இடங்களிலும் வெடியும் உராய்வும் இயலா. அனல்மின் நிலையக் கொதிகலனில், மிகுவெப்பப் பகுதிக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும், வெப்பம் குறைந்த பகுதிக்கு விலை குறைந்த குரோமிய மாலிப்டின எஃகுக் குழாயும் தேவை. இரண்டும் எங்கேனும் ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். அச்சந்திப்பை மின்வில்லால்தான் பற்றவைக்க இயலும்.

தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே நிரப்பு உலோகமாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, நிலையத்தின் ஆயுள் முடியுமுன்பே குரோமியம் குறைந்த எஃகின் ஓரமாக விரிசல்கள் தோன்றின. காரணங்கள் இரண்டு. இரு எஃகுகளின் விரிவும் வேறு. நிலையம் நின்று ஓடுந்தோறும் இழுப்பு நேர்ந்தது. அன்றியும், உயர்வெப்பத்தில் கரி அணுக்கள் குரோமியம் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கம் நோக்கி மெல்ல இடம்பெயர்ந்தன. கரியை இழந்த ஓரம் மென்மையாகிச் சுமைக்கு இளகிக் கொடுத்தது.

தீர்வு மீண்டும் இடைப்பொருளில் கிடைத்தது. நிக்கல் மிகுந்த நிரப்பு உலோகம் பயன்படுத்தப்பட்டது. அதன் விரிவு குரோமிய மாலிப்டின எஃகின் விரிவுக்கு அணுக்கமானது. கரி அதனூடே எளிதில் செல்லாது. மேலும், பற்றவைக்குமுன் ஒரு பக்கத்தின் முகத்தில் நிக்கல் கலவையைப் படலமாக ஏற்றி, வெப்பப் பதம் செய்து, அதன்பின் மறுபக்கத்தோடு இணைக்கும் முறையும் நிலைபெற்றது. தொழிற்கூடங்களில் இதனைப் ‘பட்டரிங்’ என்பர்.

கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கப்பெற்று, 1985இல் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர்பெற்ற நிறுவனம் இதனை ஒருபடி மேலே கொண்டுசென்றது. வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம். அவ்வெப்பத்தால் நீராவி உண்டாக்கப்படுகிறது. சோடியமும் நீரும் சந்தித்தால் கடும் வினை நிகழும். ஆதலின் அங்கே குழாய் இணைப்பு ஒவ்வொன்றும் ஐயத்திற்கிடமின்றி நிற்கவேண்டும். துருப்பிடிக்காத எஃகையும் குரோமிய மாலிப்டின எஃகையும் நேரே இணைக்காமல், இரண்டின் விரிவுக்கும் இடைப்பட்ட விரிவுடைய ‘800’ என்னும் நிக்கல் இரும்புக் குரோமியக் கலவைக் குழாய்த்துண்டு ஒன்றை நடுவில் வைத்து மூன்றுலோக இணைப்பாக்கும் முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் ஆராய்ந்து வளர்த்தனர். ஒரு பெரும் வேறுபாடு இரண்டு சிறு வேறுபாடுகளாகப் பகுக்கப்பட்டது. சூடாக்கியும் குளிர்வித்தும் செய்த சோதனைகளில் இது ஈருலோக இணைப்பினும் நீடித்து நின்றது. உபநிடத உவமையில் நின்ற படிமுறை கல்பாக்கத்தின் சோதனைக்கூடத்தில் அளந்து உறுதிசெய்யப்பட்டது எனலாம்.

பிணைத்ததே பிழையான கதை

நிக்கல் கலவை எல்லா நோய்க்கும் மருந்து எனக் கருதப்பட்ட காலத்தில், அதுவே நோயாகிய செய்தியும் வந்தது. அழுத்தநீர் அணு உலைகளில் உலைக்கலத்தின் எஃகு மூக்குகளையும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களையும் இணைக்க ‘82’, ‘182’ எனப்படும் நிக்கல் நிரப்பு உலோகங்கள் உலகெங்கும் பயன்பட்டன. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து வி. சி. சம்மர் அணுமின் நிலையத்தில், உலைக்கலத்திலிருந்து வெளியேறும் பெருங்குழாயின் அருகே வெண்ணிறப் போரிக் உப்பு படிந்திருப்பது கண்டறியப்பட்டது. வேற்றுலோக இணைப்பில் விரிசல் ஊடுருவி நீர் கசிந்திருந்தது. சூடான நீரும், பற்றவைப்பில் எஞ்சிய உள்ளிழுப்பும், குரோமியம் போதாத நிரப்பு உலோகமும் சேர்ந்து இவ்விரிசலை வளர்த்திருந்தன.

2002இல் ஒகையோ மாநிலத்து டேவிஸ் பெஸ்ஸி நிலையத்தில் நேர்ந்தது இதனினும் அச்சமூட்டுவது. உலைக்கல மூடியைத் துளைத்துச் செல்லும், இதே குடும்பத்து நிக்கல் கலவையாலான குழாய் ஒன்றில் விரிசல் கண்டது. கசிந்த போரிக் அமிலநீர் மூடியின் எஃகினை அரித்துப் பெருங்குழி ஆக்கிவிட்டது. குழியின் அடியில் எஞ்சியது, உட்புறத்தில் அரிப்புக் காப்பாக மட்டும் ஏற்றப்பட்டிருந்த, ஏறத்தாழ 1 செ.மீ. தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகுப் படலம். உலையின் பேரழுத்தத்தை அப்படலமே தாங்கி நின்றது. சுமை தாங்க என்று வைக்கப்படாத வேற்றுலோகம் ஒரு பேரிடரைத் தடுத்தது.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், ஏறத்தாழ 30 விழுக்காடு குரோமியம் கொண்ட ‘52’, ‘152’ நிரப்பு உலோகங்கள் பழையவற்றின் இடத்தைப் பெற்றன. பழைய இணைப்புகளின் மேல் இப்புதிய உலோகம் வெளிப்புறமாக ஏற்றப்பட்டது. அது குளிர்ந்து சுருங்கும்போது உட்புறத்தை அழுத்தி, விரிசலைத் திறக்கும் இழுவையை நீக்கியது. புதிய உலோகத்திற்கும் குறை உண்டு. பற்றவைக்கும்போதே நுண்விரிசல் காணும் இயல்பு அதற்கு மிகுதி. அதனைக் களையும் ஆய்வு தொடர்ந்தது.

நிறைவாக

விலக்கி வைத்தல், இடையில் ஒன்றை வைத்தல், உருக்காமல் பிசைதல் என மூன்று வழிகளை இவ்வரலாறு காட்டுகிறது. மூன்றிலும் வலுவின் இருப்பிடம் உலோகங்கள் அல்ல; அவை கூடும் மெல்லிய எல்லையே. பழுப்புத் தாள், கல்நார்ப் படலம், 10 மைக்ரான் சேர்மம், நிக்கல் பூச்சு என, பெயரளவில் சிறியவையே கப்பலையும் சிலையையும் உலையையும் தாங்கின. அவையே அவற்றை வீழ்த்தவும் முற்பட்டன.

ஆசிடை நேரிசை வெண்பாவைப் படிப்பவர் காதில் ஆசு தனித்து ஒலிப்பதில்லை. ஒலித்தால் அது குற்றம். இணைந்தவற்றின் இயல்பை அறிந்து, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மட்டும் இடுக என்பதே யாப்பிலக்கணம் வகுத்த நெறி. அலாரம் கப்பலின் இரும்பாணி முதல் கல்பாக்கத்தின் மூன்றுலோகக் குழாய் வரை, உலோகத் தொழிலார் பல இழப்புகளைத் தாங்கிக் கற்றதும் அந்நெறியே ஆகும்.